ஆடிக்கு முன் போட்ட தகரம்

போன மாதம் என் மகன் ஒரு பெட்டி நிறையக் கூரை ஓட்டு மாதிரிகளைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் பரப்பினான். புக்கிட் காதிலில் அவன் வாங்கியிருக்கும் பழைய வீட்டுக்குக் கூரை மாற்ற வேண்டுமாம். ஒன்று செங்கல் நிறம், ஒன்று சாம்பல், ஒன்று கறுப்பில் மினுமினுப்பு. "நீங்க ஒண்ணச் சொல்லுங்கம்மா, நாங்க ரெண்டு பேரும் சண்ட போட்டு ஓஞ்சு போயிட்டோம்" என்றான். மருமகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "என்னைக் கேக்காதீங்க, உங்க வீடு, உங்க தலை" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். கிழவிக்குக் கிறுக்கு முற்றிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

இதை அவர்களுக்கு எழுதவில்லை. என் வயதுக்காரர்களே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். இங்கே ஐம்பத்தேழில் சுதந்திரம் வந்தபோது உங்களுக்கும் எட்டோ பத்தோ வயது இருந்திருக்கும். அத்தாப்பு ஓலைக் கூரைக்குக் கீழே பிறந்து தகரத்துக்குக் கீழே வளர்ந்தவர்கள் நீங்கள். உங்களிடம் கூரையைப் பற்றிப் பேசினால் ஏன் இந்தக் கிழவி இப்படிப் புலம்புகிறாள் என்று கேட்க மாட்டீர்கள்.

எனக்கு அப்போது பத்து வயது. காஜா பெராங்கில், மலாய் பேசும் தமிழ் வம்சத்துச் சிட்டிமார் வீடுகள் தொடங்குவதற்குச் சற்று முன்னால் எங்கள் வீடு. பலகைச் சுவர், கல்தூணில் நிற்கும் பலகைத் தரை, மேலே நீப்பா ஓலையில் தைத்த அத்தாப்பு. அப்பாவுக்கு நகரத்துத் தண்ணீர்க் குழாய் பழுதுபார்க்கும் வேலை. காலையில் சைக்கிளில் கிளம்பினால் சாயந்தரம் காலெல்லாம் சேறாகத்தான் வருவார். அம்மா, அப்பா, அக்கா, நான். அவ்வளவுதான் குடும்பம். அக்காவுக்கும் எனக்கும் ஒன்பது வருட வித்தியாசம். இடையில் பிறந்தவை எதுவும் தங்கவில்லை.

அக்காவை முந்தின வருடம் தெங்கேராவில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை துறைமுகக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி. அவர்களுடையது கடலோரத்துக் கல்வீடு, சீன ஓடு போட்டது. அந்த வீட்டில் உட்கார்ந்தால் அம்மாவுக்கு இடுப்பு நிமிராது, அப்படி ஒரு கூச்சம். அக்கா உண்டானதும் எல்லாருக்கும் சந்தோஷம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே? ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு அழைத்து வருகிறோம் என்று சொல்ல அம்மாவும் அப்பாவும் பழத்தட்டோடு போனார்கள். நானும் ஒட்டிக்கொண்டேன்.

சம்பந்தியம்மா காப்பி கொடுத்தார். நன்றாகத்தான் பேசினார். பேச்சோடு பேச்சாக, "அழைச்சிட்டுப் போங்க, அது உங்க உரிமை. ஆனா அந்த ஓலைக் கூரையிலதான் எனக்குப் பயம். பூரான் விழுது, பல்லி விழுது. கைப்புள்ளை மேல விழுந்தா யாரு பொறுப்பு? கூரையை மாத்திட்டுச் சொல்லி அனுப்புங்க, அன்னிக்கே அனுப்பி வைக்கிறேன்" என்றார். அம்மா குனிந்து தரையைப் பார்த்தாள். அப்பா, "ஆகட்டும்மா" என்றார். திரும்பி வரும்போது பேச்சா என்கிற மிதிவண்டி ரிக்‌ஷாவில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்திருந்தோம்.

சம்பந்தியம்மா சொன்னதில் பொய்யில்லை. எங்கள் அத்தாப்புக்கு நாலு வயதாகியிருந்தது. மழை பெய்தால் தேத்தண்ணீர் நிறத்தில் சொட்டும். அந்த இடத்தில் ஒரு எனாமல் குவளையை வைப்போம். சோற்றுத் தட்டில் ஓலைத்தூள் விழும். ஆனால் வெயில் நேரத்தில் உள்ளே நுழைந்தால் உடம்பு குளிர்ந்துவிடும். மழையும் அதன் மேல் பெய்கிற மாதிரியே தெரியாது, யாரோ மெல்ல அரிசி புடைக்கிற மாதிரி இருக்கும். நாம் அதை அப்போது பெரிதாக நினைத்தோமா? இல்லையே.

அன்றிலிருந்து வீட்டில் கூரைப் பேச்சுதான். ஓடு போட ஆசைப்பட்டுச் சீனத் தச்சரைக் கூட்டி வந்தார் அப்பா. அவர் தூண்களைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, "ஓடு போட்டா வீடு உக்காந்திரும் லா" என்று கையை விரித்துவிட்டார். மிச்சம் இரண்டு. புது அத்தாப்பு அல்லது தகரம். அம்மா அத்தாப்பு என்றாள். "புது ஓலைல பூரான் இருக்காதுங்க. புள்ளத்தாச்சிக்குக் குளிர்ச்சியா இருக்கும். நான் போயி சம்பந்தியம்மாகிட்ட பக்குவமாச் சொல்றேன்." அப்பா தகரம்தான் என்று ஒற்றைக்காலில் நின்றார். "மறுபடி ஓலையா? அந்த அம்மா முகத்துல நான் எப்படி முழிப்பேன்? நாடே மாறப்போவுது, நம்ம வீடு மட்டும் இப்படியே கெடக்கணுமா?"

எதிரில் இருந்த சிட்டி வீட்டு மாமிக்குத் தமிழ் நாலு வார்த்தைதான் வரும், மற்றதெல்லாம் மலாய். அவரும் வேலியோரம் நின்று, "அத்தாப் பாகுஸ், செஜுக்" என்று அம்மா பக்கம் பேசினார். அத்தாப்புதான் நல்லது, குளிர்ச்சி என்றார். அப்பா மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு உள்ளே வந்து, "இனி ஊரே வந்து சொல்லட்டும்" என்று முறைத்தார்.

மூன்றாம் நாள் சாப்பிடும்போது அப்பா என் பக்கம் திரும்பினார். என்னைச் செல்லமாக 'ஆயி' என்றுதான் கூப்பிடுவார். "நீ சொல்லு ஆயி. அத்தாப்பா, தகரமா? நீ சொல்றதுதான்."

"பத்து வயசுப் புள்ளைகிட்டப் போயி கேக்குறீங்களே" என்றாள் அம்மா.

என் வகுப்புத் தோழி வீட்டில் தகரம் போட்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தெருமுனையிலிருந்தே அது பளபளவென்று தெரியும். நான் யோசிக்கவே இல்லை. "தகரம்" என்றேன். அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். அம்மா எழுந்து கைகழுவப் போனாள். ஒரு பெரிய மனிதர், மனைவியோடு பேசி முடிக்க வேண்டியதைக் குழந்தையின் வாயில் வாங்கினார். இன்றைக்கு நினைத்தால் எனக்கு அவர் மேல் கோபம்தான் வருகிறது.

பிறகு அவசரம் பிடித்துக்கொண்டது. ஆனி மாதம் முடியப்போகிறது. ஆடியில் வளைகாப்புப் போட முடியாது, புது வேலையும் தொடங்கக் கூடாது. தச்சரும் அவர் மச்சானும் இரண்டே நாளில் ஓலையை இறக்கினார்கள். வீடு முழுக்கக் கரிய தூள். எலிக்கூடு, குருவிக்கூடு, எப்போதோ நான் தூக்கிப்போட்ட பூப்பந்து எல்லாம் விழுந்தன. அடுத்த மூன்று நாளில் தகரம் ஏறியது. நான் தெருமுனைக்கு ஓடிப்போய் நின்று பார்த்தேன். ஆமாம், பளபளத்தது. அக்காவின் வளைகாப்பை ஆனிக் கடைசி முகூர்த்தத்தில் முடித்துவிட்டு அழைத்து வந்துவிட்டோம்.

ஒரு வேலை மட்டும் பாக்கி. தகரத்துக்குக் கீழே பலகைத் தட்டு அடிக்க வேண்டும். அதை அடித்தால்தான் சூடும் சத்தமும் அடங்கும் என்று தச்சர் முதலிலேயே சொல்லியிருந்தார், பலகையும் வந்து இறங்கிவிட்டது. ஆனால் மறுநாள் ஆடி பிறக்கிறது. "ஆடி என்னா ஆடி? ரெண்டு நாளு வேலைதான்!" என்று தச்சர் தலையில் அடித்துக்கொண்டார். தொடங்கின வேலையை ஆடியில் முடிக்கலாம் என்று கோயில் பூசாரியே சொன்னார். அப்பா கேட்டால்தானே? "கூரை வேலை முடிஞ்சிருச்சு. பலகை வேற வேலை. மூத்த புள்ள வயித்துல புள்ளையோட இருக்குற வீட்டுல ஆடி மாசம் ஆணி அடிக்க மாட்டேன். ஆவணி பொறக்கட்டும் தவுக்கே" என்று தச்சர் முதலாளியிடம் முடித்துவிட்டார். அந்தப் பலகைகள் வீட்டுக்கு அடியில் கல்தூண்களுக்கு நடுவில் அடுக்கிக் கிடந்தன. கோழிகள் அதன் மேல் படுத்தன.

அந்த ஆடி வெயில் இருக்கிறதே, அப்பப்பா! காலை ஒன்பது மணிக்கே தகரம் டப் டப்பென்று முறுக்கிக்கொண்டு சத்தம் போடும். பதினோரு மணிக்கு மேல் வீட்டுக்குள் நிற்க முடியாது, காய்ந்த இரும்பு வாடை அடிக்கும். அக்கா கட்டிலை விட்டு இறங்கித் தரைப்பலகையில் ஈரத்துணி விரித்துப் படுத்துக்கொள்வாள். கால் இரண்டும் வீங்கி, கொலுசு கழற்றிய தடம் மட்டும் தெரியும். அம்மா கூரை மேல் நனைத்த சாக்குகளைப் போடச் சொன்னாள், அப்பாவும் போட்டார். அரை மணியில் காய்ந்துவிடும். அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் பலகை மட்டும் ஆவணியில்தான்.

அம்மாவுக்குச் சமையலும் வீடும் சரியாக இருந்தது. அக்காவுக்குக் கைவேலை செய்ய நான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் "குட்டி" என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவாள். குட்டி, தண்ணி. குட்டி, விசிறு. குட்டி, முதுகு சொறி. போய் நின்றால் சில சமயம், "ஒண்ணுமில்ல, உன் மூஞ்சியப் பாக்கணும்போல இருந்துச்சு, பாத்துட்டேன், போ" என்று சிரிப்பாள். எனக்கு எரிச்சலாக வரும். "இனிமே கூப்பிட்டா வர மாட்டேன் பாரு" என்பேன். "வருவ, வருவ. எங்க போயிருவ?" என்பாள். கலியாணத்துக்கு முன்பும் அவள் அப்படித்தான். என்னைச் சீண்டாமல் அவளுக்குச் சோறு இறங்காது.

ஆடிக் கடைசி வெள்ளி. மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள். அம்மா பிற்பகலில் தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். "அவ கூடவே இரு. எங்கயும் ஓடாத. என்னமாச்சும்னா எதிர்வீட்டு மாமியக் கூப்பிடு" என்று இரண்டு தரம் சொன்னாள். அக்காவுக்கு எட்டாம் மாதம் முடியவில்லை, யாருக்கும் பயமில்லை.

நான் முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். மெர்டேக்காவுக்கு, அதுதான் சுதந்திர நாளுக்கு, ஆளுக்கொரு நாட்டுக்கொடி செய்து கொண்டுவர வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். கோடுகள் ஒட்டி முடித்துவிட்டேன், நட்சத்திரம்தான் பாக்கி. பதினோரு முனை. மஞ்சள் காகிதத்தில் இரண்டு தரம் வெட்டிப் பாழாக்கியிருந்தேன், இனி ஒரே ஒரு காகிதம்தான் மிச்சம். அன்று மத்தியானத்திலிருந்து அக்கா ஏழெட்டுத் தடவை கூப்பிட்டிருந்தாள். கடைசியாக நான் போனபோது அவள் சும்மா சிரித்தாள். நான் காலை உதைத்துக்கொண்டு திரும்பி வந்து கத்தரிக்கோலை எடுத்தேன்.

மழை பிடித்தது. நீங்கள் தகரத்துக்குக் கீழே இருந்தவர்கள்தானே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உச்சந்தலையில் சரளைக்கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம்.

அந்தச் சத்தத்திலும் எனக்குக் கேட்டது.

நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். "குட்டி" என்று ஒரு தரம் கூப்பிட்டாள். நான் ஆறாவது முனையை வெட்டிக்கொண்டிருந்தேன். இரு, முடித்துவிட்டு வருகிறேன் என்று மனசுக்குள் சொன்னேன், வாயைத் திறக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம், சத்தமாக. மூஞ்சியைப் பார்க்கத்தானே, பார்த்தது போதும் என்று இருந்துவிட்டேன். மூன்றாவது தரம் குரல் சிறுத்திருந்தது. சலித்துப்போய் விட்டுவிட்டாள், ஜெயித்துவிட்டோம் என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்புறம் கூப்பிடவில்லை. பதினோரு முனையும் வந்தது. அதைக் கோந்து தடவி ஒட்டி, மழை விடும்வரை காய வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மழை விட்டதும் அம்மா வந்தாள். நேரே உள்ளே போனவள் போட்ட அலறலில் சிட்டி வீட்டு மாமி செருப்பில்லாமல் ஓடி வந்தார். தரையில் விரித்த துணி, பலகை இடுக்கு, எல்லாம் இரத்தம். அக்கா கதவுப் பக்கம் கையை நீட்டியபடி கிடந்தாள். மாமியின் மகன் எங்கிருந்தோ ஒரு டாக்சி பிடித்து வந்தான், இரண்டு பேர் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். அப்பாவுக்கு ஆள் போயிற்று. ஆஸ்பத்திரியில் சாயந்தரத்துக்குள் அக்காவும் போய்விட்டாள், பிள்ளையும் போய்விட்டது. ஆண் பிள்ளையாம். ஒரு அரை மணி முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று அங்கே யாரோ சொல்ல, அதை அம்மா கேட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள். "கூப்பிட்டாளாடி? உன்னைக் கூப்பிட்டிருப்பாளே! நீ எங்க இருந்த? காது எங்கடி போச்சு?"

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், உண்மையைச் சொல்லத்தான் திறந்தேன். அதற்குள் அப்பா வந்து அம்மாவின் கையை என் தோளிலிருந்து பிரித்தார். சேறு காயாத காலோடு நின்றார். "அதை விடு. மழை. இந்தத் தகரத்துல மழை பெஞ்சா பக்கத்துல இருக்குறவன் பேசுறதே கேக்காது. புள்ளைக்கு எப்படிக் கேக்கும்?" என்றார். என்னைப் பார்த்து, "கேக்கல, இல்ல ஆயி?" என்றார்.

நான் தலையாட்டினேன்.

அவ்வளவுதான். அந்த ஒரு தலையாட்டலில் வழக்கு முடிந்துவிட்டது. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் அண்ணாந்து தகரத்தைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். அம்மா என்னை மடியில் போட்டுக்கொண்டு, திட்டியதற்காக அழுதாள். சம்பந்தியம்மா வந்தபோது அவரை யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒருவரும் சொல்லவில்லை. அவர் வந்து என் பின்னால் உட்கார்ந்து, இரண்டு நாளாகச் சீவாத என் தலையைச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டார். ஓலை வேண்டாம் என்று சொன்னது அவரைத் தின்றிருக்க வேண்டும். அவர் மேல் தப்பில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆவணி பிறந்தது. தச்சர் வந்து வாசலில் தொப்பியைக் கழற்றி நின்றுவிட்டுப் போனார். மெர்டேக்கா அன்று காலையில் தெருவே பாடாங்கு மைதானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. லாரி லாரியாக ஆட்கள், வாழ்த்துக் கூச்சல். எங்களுக்குப் பதினாறு முடியவில்லை, அதனால் வாசலை ஒருக்களித்துச் சாத்தியிருந்தோம். அப்பா ஏணியைச் சாய்த்துக் கூரை மேல் ஏறினார். காரியம் முடியாமல் வேலை செய்யலாமா என்று அம்மா கீழே நின்று கெஞ்சினாள். ஆடிக்குப் பயந்த மனிதர் அன்று எதற்கும் பயப்படவில்லை. ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்கித் தகரங்களைக் கீழே தள்ளினார். ஒவ்வொன்றும் விழும்போது அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். கையெல்லாம் கிழிந்து இறங்கி வந்தார். நாலு நாள் மேலே வெறும் தார்ப்பாய், அப்புறம் அத்தாப்பு.

அதோடு போயிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அப்பா அதற்கப்புறம் முப்பத்து நாலு வருடம் இருந்தார். அந்த முப்பத்து நாலு வருடமும் தகரக் கூரைக்குக் கீழே மழை பெய்தால் அவரால் உட்கார முடியாது. கடையில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார், நாலு துளி விழுந்தால் இலையை மூடிவிட்டு எழுந்து மழையில் போய் நிற்பார். என் கலியாண விருந்து தகரக் கொட்டகையில் நடந்தது. மழை வந்தது. பெண்ணின் தகப்பனார் எங்கே, எங்கே என்று தேடினார்கள். பட்டு வேட்டியோடு சாலையில் நனைந்துகொண்டு நின்றார். மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தார்கள். காரணம் எனக்குத் தெரியும், நான் மாலையோடு உட்கார்ந்திருந்தேன்.

சொல்லியிருக்கலாம் என்கிறீர்களா? எத்தனை முறை போயிருக்கிறேன் தெரியுமா! பதினைந்து வயதில் ஒரு முறை, பிள்ளை பெற்ற பிறகு ஒரு முறை, அம்மா செத்த வருடம் ஒரு முறை. ஒவ்வொரு முறையும் அவர் முகத்தைப் பார்த்தவுடன் வேறு பேச்சுப் பேசிவிட்டு வருவேன். அவருக்காகத்தான் சொல்லவில்லை என்று கொஞ்ச நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். அதெல்லாம் இல்லை. எனக்குப் பயம். அந்த மனிதர் என்னை "ஆயி" என்று கூப்பிடுவதை நிறுத்திவிடுவார் என்கிற பயம்.

கடைசியில் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிற்பகல், நான் மட்டும் பக்கத்தில். கண்ணைத் திறந்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். புத்தி தெளிவாகத்தான் இருந்தது.

"ஆயி, அன்னிக்கு ஓலை போட்டிருந்தா உனக்குக் கேட்டிருக்கும், இல்ல?"

இதுதான் நேரம் என்று எனக்குத் தெரிந்தது. இதற்கப்புறம் நேரம் இல்லை என்றும் தெரிந்தது.

"கேட்டிருக்கும்ப்பா" என்றேன்.

"நீ ஓடியிருப்ப."

"ஓடியிருப்பேன்ப்பா."

"அதான். நான்தான் கெடுத்துட்டேன்" என்றார். கண்ணோரத்தில் வழிந்ததைத் துடைக்கச் சொல்லி முகத்தை என் பக்கம் திருப்பினார். நான் துடைத்துவிட்டேன்.